கண்ணாடிக் குழம்பை வெட்டிய கத்திரியும் ஊவாவின் குப்பிலாம்பும்

ஊவாப் பெருந்தோட்ட மக்களின் வாழ்வை ஆராய்ந்தோர் தேயிலை, இறப்பர், கங்காணிமுறை ஆகியன பற்றி விரிவாக எழுதியுள்ளனர். மொனராகலையிலும் பதுளையிலும் லயக் காம்பிராக்களுக்கு நெடுங்காலம் ஒளிதந்த குப்பிலாம்பு அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. வெற்றுப் போத்தல், துளையிட்ட மூடி, திரி, மண்ணெண்ணெய் ஆகியவற்றாலானது அது. போத்தல் வீசியெறியத்தக்க மலிவுப் பொருளாக மாறிய பின்னரே இவ்விளக்கு ஏழையின் விளக்காயிற்று. அம்மாற்றத்தின் வரலாற்றை இங்கு சுருக்கமாக நோக்குவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், அச்சில் அழுத்திச் செய்யும் கண்ணாடிப் பொருள்களுக்கு, ஒருவர் உலையிலிருந்து குழம்பை இரும்புக்கோலில் திரட்டி வருவார். மற்றொருவர் வேண்டிய அளவைக் கண்ணால் மதிப்பிட்டுக் கைக்கத்திரியால் வெட்டி அச்சில் விழச்செய்வார். போத்தல்களோ வாயால் ஊதப்பட்டன. சூடான போத்தல்களைச் சுமந்தோடியவர்கள் சிறுவர்கள். அமெரிக்க ஆலைகளில் அவர்கள் பட்ட பாட்டை 1908 அளவில் லூயிஸ் ஹைன் எடுத்த ஒளிப்படங்கள் காட்டுகின்றன. பத்து வயதில் ஆலைக்குள் நுழைந்த மைக்கேல் ஓவன்ஸ் என்பவரே 1903 இல் தானியங்கிப் போத்தல் இயந்திரத்தை வெற்றிகரமாக இயக்கினார். அது குழம்பை அச்சினுள் உறிஞ்ச, தொங்கிய வாலை ஒரு கத்தி அறுத்தது. அக்கத்தி போத்தலின் அடியில் விட்ட வளையத் தழும்பு இன்று தொல்லியலாளருக்குக் காலம் கணிக்கும் சான்றாகும்.

அடுத்த கட்டம் 1910களில் கார்ல் பைலர் உருவாக்கிய ஊட்டியாகும். இங்கு குழம்பு மேலே உறிஞ்சப்படுவதில்லை; உலைமுகத் துளைவழியே கீழே இறங்குகிறது. உலக்கை போன்ற தண்டொன்று அதைத் தள்ள, பள்ளமிட்ட இரு அலகுகள் எதிரெதிரே வந்து சந்தித்து ஒரு துண்டை வெட்டுகின்றன. அலகுகள் சூடேறி ஒட்டாதிருக்க நீர் தெளிக்கப்படும். துண்டின் எடையே போத்தலின் எடை. ஆதலால் கண்மதிப்பீடு என்ற கைவினைஞனின் அறிவு இப்போது இயந்திரத்தின் சீரமைப்பாயிற்று. சிறுவனின் சுமை குறைந்தது. ஊதுபவனின் தொழிலும் பறிபோனது.

ஆயினும் பயன் யாரைச் சேர்ந்தது? ஊட்டிகளுக்கும் வார்ப்பு இயந்திரங்களுக்குமான காப்புரிமைகளை ஹார்ட்ஃபோர்ட்-எம்பயர் முதலிய சில நிறுவனங்கள் ஒன்றுதிரட்டிக்கொண்டன. 1938 இல் அமெரிக்காவில் அத்தகைய இயந்திரங்களில் உருவான கண்ணாடிக் கலன்களில் 94 சதவீதம் இவர்களின் உரிமம் பெற்ற இயந்திரங்களிலேயே உருவாயின. 1945 இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் இதனைச் சட்டவிரோத ஏகபோகமெனத் தீர்த்தது. இயந்திரத்தின் இயல்பு வேறு, அதன் உடைமை வேறு என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி லயத்துக்குத் திரும்புவோம். உயர்ந்து மெலிந்த போத்தல் எளிதிற் சரியும், எண்ணெய் சிந்தும், தீப்பற்றும். இலங்கையில் இத்தகைய தீக்காயங்களைக் கண்ட சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குட்டையான கனத்த மார்மைட் போத்தலை முன்மாதிரியாகக் கொண்டு, திருகுமூடியும் உருளாத தட்டைப் பக்கங்களும் உடைய பாதுகாப்பு விளக்கை வடிவமைத்தார். 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. வெட்டப்படும் துண்டைச் சற்றுக் கனமாக்குவதும் அச்சின் வடிவை மாற்றுவதும் தொழில்நுட்பத்துக்கு அரிதன்று. போத்தலைச் செய்தோர் அதனை ஏழை விளக்காக்குவான் என எண்ணவில்லை. அதனாலேயே அவ்வெளிய மாற்றத்துக்கு இத்தனை காலம் சென்றது என்பதே நாம் வந்தடையும் முடிவாகும்.