கேட்க மட்டும் அனுமதிக்கப்பட்டவர்கள்

சிகாகோவை ஒட்டிய சிசரோ நகரில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்துக்கு ஹாதோர்ன் என்றொரு பெரிய ஆலை இருந்தது. தொலைபேசிக் கருவிகள் செய்யும் அந்த ஆலையில் 1920களின் இறுதியில் ஏறக்குறைய நாற்பதாயிரம் பேர் வேலை பார்த்தார்கள். வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று அங்கே நடந்த சோதனைகள் மேலாண்மைப் பாடநூல்களில் இடம்பிடித்துவிட்டன. அதே ஆலையில் 1936 முதல் 1956 வரை நடந்த ஆலோசனைத் திட்டத்தை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. தொழிலாளி தன் வீட்டுக் கவலையையும் ஃபோர்மேன் மீதுள்ள கோபத்தையும் பெயர் வெளியே போகாது என்ற நம்பிக்கையோடு கொட்டித் தீர்க்கட்டும் என்று, சம்பளம் கொடுத்து ஆலோசகர்களை ஆலைக்குள்ளேயே நியமித்தார்கள். ஐந்து பேருடன் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் 1948-ல் 55 பேர் இருந்தார்கள். இன்று பெருநிறுவனங்கள் ஊழியருக்கும் குடும்பத்தாருக்கும் தரும் ரகசிய ஆலோசனைச் சேவையின் முன்னோடிகளில் இதுவும் ஒன்று. இதன் வரலாறு ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது: பெயரை மறைத்துவிட்டால் மட்டும் தொழிலாளிக்கு நன்மை வந்துவிடாது, சொன்ன குறை யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதையும் கேட்க வேண்டும்.

ஆலோசகருக்கு விதிகள் கறாரானவை. பொறுமையாகக் கேட்க வேண்டும். வாதிடக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது, குறையைத் தீர்க்க நிர்வாகத்திடம் பரிந்து பேசவும் கூடாது. இந்த அணுகுமுறைக்குப் பின்னால் ஒரு கொள்கை இருந்தது. ஃபிரிட்ஸ் ரோத்லிஸ்பெர்கரும் வில்லியம் டிக்சனும் ஹாதோர்ன் ஆய்வுகளைப் பற்றி 1939-ல் வெளியிட்ட நூலில் ஒரு தொழிலாளியைக் காட்டுகிறார்கள். எண்ணிக்கைக் கூலி (பீஸ் ரேட்) குறைவு என்று முறையிட்டவர் அவர். பேசப் பேசத் தெரிந்தது, மனைவி மருத்துவமனையில் இருக்கிறார், மருத்துவர் கட்டணம் அவரை அழுத்துகிறது. ஆக, மேலே தெரியும் முறையீடு வேறு, உள்ளே கிடக்கும் கவலை வேறு என்பது அவர்கள் முடிவு. கூர்மையான கவனிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் மருத்துவச் செலவைக் கட்ட முடியாதவர் கூலி போதவில்லை என்று சொன்னால் அதில் உண்மை குறைந்துவிடுமா? மனைவியின் நோய் அவருடைய முறையீட்டுக்கு வலுச் சேர்க்கவே செய்கிறது. கூலிப் பிரச்சினையை மனப் பிரச்சினையாக மாற்றிப் படிக்கும் வழக்கம் இங்கே வேர் பிடித்தது என்றே நான் கருதுகிறேன்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையை உறுதிசெய்த வாக்னர் சட்டம் 1935-ல் வந்தது. அடுத்த ஆண்டே ஆலோசகர்கள் வந்தார்கள். சங்கத்திடம் போக வேண்டிய கோபத்தை இந்தத் திட்டம் வடித்துவிட்டது என்று 1951-ல் விலென்ஸ்கி தம்பதியர் ஓர் ஆய்வுக் கட்டுரையில் வாதிட்டார்கள். இதற்கு எதிராகச் சொல்வதற்கும் நியாயம் உண்டு. யாரிடமும் சொல்ல முடியாத துயரத்தை ஒருவர் காது கொடுத்துக் கேட்பதே பெரிய ஆறுதல். குடிகாரக் கணவனோடு போராடும் பெண்ணுக்குச் சங்கத்தின் கூலி ஒப்பந்தம் எந்த வகையில் உதவும்? அந்த ஆறுதலை நான் சிறிதும் குறைத்து மதிக்கவில்லை. இன்னொரு வாதம் இதைவிட வலுவானது: ஆலோசகர் ஒரு குறையை எடுத்துக்கொண்டு மேலே போனால் ரகசியம் உடைந்துவிடும், பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இதற்கான பதில் ஹாதோர்னிலேயே இருக்கிறது. 1928 முதல் 1930 வரை அங்கே இருபத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பேட்டி கண்டார்கள். சொன்னவற்றைப் பெயர் நீக்கித் தலைப்புவாரியாகப் பிரித்தார்கள். பணியிடச் சூழல் பற்றிய முறையீடுகளை விசாரித்தார்கள். மற்றவை மேற்பார்வையாளர் பயிற்சிக்குப் பயன்பட்டன. பெயரை வெளியிடாமல் குறையை மட்டும் கொண்டுபோக முடியும் என்று அதே ஆலை முன்பே செய்து காட்டியிருந்தது. 1936-ல் நிர்வாகம் அந்தப் பாதையைத் தொடராமல், கேட்பதோடு நின்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நியூயார்க்கில் பெர்த்தா ரெனால்ட்ஸ் என்ற சமூகப் பணியாளர் தேசியக் கடலோடிகள் சங்கத்தோடு இணைந்து நடத்திய உதவி மையம் வேறு வழியில் நடந்தது. அங்கே வந்த கடலோடி சங்கத்தின் உறுப்பினர். கேட்பதை உரிமையாகக் கேட்டார், தர்மமாக வாங்கவில்லை.

பெயரைக் காக்கும் பக்கம் பிறகு சட்டத்திலும் இடம்பெற்றது. குடிநோய் சிகிச்சை பெறுவோரின் அடையாளத்தை ரகசியமாக வைக்க 1970-ன் ஹியூஸ் சட்டம் அமெரிக்காவில் வழி செய்தது. அதைக் கொண்டுவந்த செனட்டர் ஹரால்ட் ஹியூஸ் தாமே குடியிலிருந்து மீண்டவர். பெயருக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு பெரிய முன்னேற்றம். இன்று நிறுவனங்கள் பெரும்பாலும் ஆலோசனையை வெளியாரிடம் ஒப்படைத்து, பெயரில்லாத தொகுப்பு அறிக்கையைப் பெறுகின்றன. இரவுப் பணி, ஓயாத இலக்கு, மேலதிகாரியின் வசவு என்று அதில் திரும்பத் திரும்ப வரும் காரணங்களை நிர்வாகம் மட்டும் பார்த்தால் போதாது. தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் அந்த அறிக்கை கிடைக்க வேண்டும்.