பாதுகாப்பு அமைச்சின் ரீச்சர்மார்

முன்பள்ளி ரீச்சருக்குச் சம்பளம் குடுக்கிறது ஆர்? புத்தூரில இருந்து கேட்கிற எங்களுக்கு இது சின்னக் கேள்வி. வன்னியில் பல இடங்களில் அதற்குப் பதில், பாதுகாப்பு அமைச்சு.

எல்லைக் கிராமங்களைக் காக்கத் துவக்குக் குடுத்துச் சேர்த்த ஊர்காவல் படைதான் 2006இல் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் ஆனது. போர் முடிந்தபின் அதே திணைக்களம் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பண்ணைகள் நடத்தி, முன்னாள் போராளிகளையும் முன்பள்ளி ஆசிரியைகளையும் வேலைக்கு எடுத்தது. மாகாண சபையின் கீழிருந்த ஆசிரியைக்குச் சில ஆயிரம் ரூபா கொடுப்பனவுதான். திணைக்களத்து ஆசிரியைக்கோ அதன் பல மடங்கு மாதச் சம்பளம். ஒரே வேலை, இரண்டு விலை! பிள்ளைகளின் சீருடையில் திணைக்களச் சின்னம் வேறு. கல்விக்குள் இராணுவம் வருகிறது என்ற கண்டனம் நியாயமானதுதான். ஆனால் அந்தச் சம்பளத்தை வேற ஆர் தாறது எண்டும் சேர்த்துக் கேட்டிருக்க வேணும்.

2018 ஜூனில் பொறுப்பதிகாரி கேணல் ரத்னப்பிரிய பந்து இடமாற்றமாகிப் போனபோது, விசுவமடுவில் முன்னாள் போராளிகளும் அழுதார்கள். அவரைத் தோளில் தூக்கி வழியனுப்பினார்கள். அந்தப் படத்தைப் பார்த்து அவர்களைத் திட்டுவது எங்களுக்குச் சுகம். புனர்வாழ்வு முடிச்சு வந்தவருக்கு வேலை குடுக்க எங்கட ஆக்களே பயந்தவை.