வாலையும் அன்பீக்கும்

2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அருந்தி 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதத்தில் மரக்காணம், மதுராந்தகம் பகுதிகளில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இத்தகைய சாவுகள் நேரும்போதெல்லாம் தேநீர்க்கடை முதல் மேடைவரை ஒரே விளக்கம் சொல்லப்படுகிறது. காய்ச்சத் தெரியாதவன் காய்ச்சினான், பதம் தவறிவிட்டது என்பதே அது. இவ்விளக்கம் எவ்வளவு தூரம் உண்மை என்பதை அறிய, வடித்தல் என்னும் கலையின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும். அவ்வரலாற்றில் முஸ்லிம் அறிஞர்களுக்குப் பெரும் பங்குண்டு. அப்பங்கு எத்தகையது என்பதில் நம்மவரிடையே குழப்பமும் உண்டு.

'ஆல்கஹால்' என்பது அரபுச் சொல். ஆகவே அதைக் கண்டறிந்தவர்கள் அரபியரே என்று சிலர் பெருமையோடு எழுதிவருகின்றனர். இப்பெருமையை அப்படியே ஏற்பதற்கில்லை. 'அல்குஹ்ல்' என்பது கண்ணுக்கிடும் சுர்மாவின் பெயர். மிக நுண்ணிய தூள் என்ற அப்பொருள் விரிந்து, எப்பொருளிலிருந்தும் பிரித்தெடுத்த சாரம் என்றாகி, 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில்தான் மதுவின் சாரத்தைக் குறிக்கலாயிற்று. வடிகலத்தின் மூடியைக் குறிக்கும் 'அன்பீக்' என்னும் சொல்லும் 'அம்பிக்ஸ்' என்னும் கிரேக்கச் சொல்லின் அரபு வடிவமே. அலெக்ஸாந்திரியாவின் இரசவாதிகள் வடிகலத்தை அறிந்திருந்தனர். தட்சசீலத்தின் அகழ்வுகளில் கிடைத்த மண்கலங்களை வடிகலத்தின் பகுதிகள் என்று ஆய்வாளர் சிலர் கொள்கின்றனர். முதலில் செய்தவர் யார் என்ற வழக்கில் நமக்கு வெற்றியில்லை, வேண்டியதுமில்லை.

அவர்கள் செய்தது வேறு. கைத்தொழிலாளியின் மறைபொருளாக இருந்த ஒன்றை அளவும் முறையும் உள்ள கல்வியாக ஆக்கினார்கள். ஜாபிர் இப்னு ஹய்யானின் பெயரால் வழங்கும் நூல்களில் வடித்தல் மீண்டும் மீண்டும் பேசப்படுகிறது. 9ஆம் நூற்றாண்டில் அல்கிந்தி நறுமணப் பொருள்களின் வேதியியலும் வடித்தலும் பற்றி எழுதிய நூலில் நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகள் உள்ளன. அபூபக்ர் அர்ராஸி தம் 'கிதாபுல் அஸ்ரா'ரில் சுரைக்குடுவை போன்ற அடிக்கலத்தையும் அதன்மேல் கவிழும் அன்பீக்கையும் ஏற்கும் குப்பியையும் தனித்தனியே விவரிக்கிறார். அப்பாசியர் காலத்தில் பாரசீக மாநிலம் வரியோடு சேர்த்து 30,000 குப்பிப் பன்னீர் அனுப்பியதாக இப்னு கல்தூன் குறித்துள்ளார். 14ஆம் நூற்றாண்டின் அல்திமிஷ்கீ, டமாஸ்கஸை அடுத்த மிஸ்ஸா என்னும் ஊரில் ரோஜாப்பூ வடித்த முறையைப் பதிவு செய்திருக்கிறார். நம் திருமண வீடுகளின் வாயிலில் நிற்கும் பன்னீர்ச் செம்பு அந்த வழியில் வந்ததே. யூனானி மருத்துவர் 'அர்க்' என்பதும் சித்த மருத்துவர் 'தீநீர்' என்பதும் ஒரே செயலின் இரு பெயர்கள். தமிழில் அக்கருவிக்கு 'வாலை' என்ற அழகிய பெயரும் உண்டு.

'அரக்' என்றால் அரபியில் வியர்வை. கலத்தின் மூடியில் அரும்பி உருளும் துளியைப் பார்த்தவர் வைத்த பெயர். அதே சொல் கடல்வழியே பல துறைமுகங்களுக்கும் போய்ச் சாராயத்தின் பெயராகவும் நின்றுவிட்டது. பன்னீருக்கும் சாராயத்துக்கும் கலம் ஒன்றுதான். இது அரசர்களுக்குப் பெருந்தலைவலியாக இருந்திருக்கிறது.

டில்லியில் அலாவுத்தீன் கில்ஜி (ஆட்சி 1296-1316) மதுவைத் தடைசெய்த வரலாற்றை ளியாவுத்தீன் பரனீ எழுதியுள்ளார். சுல்தான் தம் அவையின் மதுக்கலங்களை உடைக்கச் செய்தார். பதாயூன் வாயிலில் கொட்டப்பட்ட மதுவால் மழைக்காலம்போல் தரை சேறாயிற்று. மீறியவர்களை அடைக்கக் குழிகள் தோண்டப்பட்டன. விளைவு என்ன? மக்கள் வீட்டிலேயே வடிக்கத் தொடங்கினர். வைக்கோலிலும் விறகுச்சுமையிலும் ஒளித்து நகருக்குள் கொணர்ந்தனர். இறுதியில் சுல்தானே இறங்கிவந்தார். தன் வீட்டில் தனக்கென வடித்து, கூட்டம் கூட்டாமலும் விலைக்கு விற்காமலும் குடிப்பவனை ஒற்றர்கள் தொடவேண்டாம் என்று ஆணையிட்டார். அத்தனை கடுமையான ஆட்சியாளர் வீட்டு வாசலில் நின்றுவிட்டது கருதத்தக்கது. நியூசிலாந்து 1996இல் ஏறத்தாழ இதே எல்லையைத் தன் சட்டத்தில் வரைந்தது: சொந்தப் பயனுக்கு வடிக்கலாம், விற்கலாகாது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி ஒரு குப்பி வடிப்பதும் குற்றமே.

அக்பர் காலத்தில் அபுல் ஃபஸ்ல், கரும்பிலிருந்து சாராயம் வடிக்கும் மூன்று முறைகளை ஆயினே அக்பரியில் எழுதிவைத்தார். ஆங்கிலேயர் பிற்காலத்தில் மதுவரிக்கு ஆண்ட சொற்களும் அவ்வழியில் வந்தவையே. 'ஆப்காரி' பாரசீகம், 'கலால்' வடநாட்டில் சாராயம் காய்ச்சி விற்போரின் பெயர். 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டத்துக்குப் பின், ஊர்தோறும் இருந்த சிறு அடுப்புகள் ஒடுங்கிப் பெரிய வடிசாலைகள் ஓங்கின. குடியர் நலனைவிடக் கருவூல நலனே அச்சட்டத்தின் நோக்கம் என்பது என் கருத்து. பின்னர் 1937இல் இராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியதும், 1948இல் அது மாகாணம் முழுவதும் பரவியதும், 1971இல் நீங்கி, 1974இல் மீண்டு, 1981இல் மறுபடி நீங்கியதும் வாசகர் அறிந்தவை.

பெரிய வடிசாலைகளின் பலம் அவற்றின் கோபுரக் கலத்தில் இருந்தது. பழைய வாலையில் ஆவி ஒருமுறை எழும்பும், ஒருமுறை குளிரும். சாராயம் பாதி நீராகவே வரும். மேலும் செறிவு வேண்டுமானால் மீண்டும் மீண்டும் காய்ச்ச வேண்டும். பிரான்சில் செல்லியே புளூமெந்தால் 1813இல் உருவாக்கிய கலமும், அயர்லாந்தின் ஈனியஸ் காஃபி 1830இல் காப்புரிமை பெற்ற கலமும் இவ்வேலையை ஒரே கோபுரத்துக்குள் அடக்கின. காஃபி ஒரு கலால் அதிகாரி. கள்ளச்சாராயக்காரர்களை விரட்டப்போய்க் காயம்பட்டவர். கள்ளச்சாராயத்தைப் பிடிக்கப்போனவரே சாராயத் தொழிலை மாற்றியமைத்தார்.

அக்கோபுரத்தின் தத்துவத்தை அறிய அயர்லாந்துக்குப் போக வேண்டியதில்லை. அரியலூரை அடுத்த ரெட்டிபாளையத்துச் சிமெண்ட் ஆலை போன்ற இன்றைய ஆலைகளின் உயர்ந்த முன்சூட்டுக் கோபுரத்தைப் பார்த்தால் போதும். சூளையின் வெப்பக்காற்று கீழிருந்து ஏறுகிறது. அரைத்த சுண்ணாம்புக்கல் தூள் மேலிருந்து இறங்குகிறது. வழிநெடுக இரண்டும் கலந்து, தூள் சூடேறிக் காற்று ஆறுகிறது. வடிகோபுரத்தில் ஏறுவது ஆவி. இறங்குவது, உச்சியில் குளிர்ந்து திரும்பி வழியும் நீர்மம். இரண்டும் சந்திக்கும் தட்டு ஒவ்வொன்றிலும் எளிதில் ஆவியாவது மேலேயும் மற்றது கீழேயும் போகும். ஒவ்வொரு தட்டும் ஒரு சிறு வாலை. அப்படியும் எடையில் 95.6 விழுக்காட்டைச் சாதாரண வடித்தல் தாண்டாது. அந்த அளவில் சாராயமும் நீரும் ஒரே பொருள்போல் சேர்ந்து கொதிக்கின்றன.

ரெட்டிபாளையத்தைச் சுற்றியுள்ள வட்டாரம் முந்திரிக்கும் பெயர்பெற்றது. கொட்டையைப் பறித்தபின் பழம் பெரும்பாலும் மரத்தடியிலேயே அழுகுகிறது. கோவாவில் அதே பழத்தைப் புளிக்கவைத்து ஃபெனி வடிக்கிறார்கள். 2009இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் பகுதிகளில் கள்ளத்தனமாகக் காய்ச்சியவர்கள் நாடியது வெல்லமும் வேலம்பட்டையும்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இங்கேதான் விடை. வெல்லம் புளிக்கும்போது உண்டாவது எத்தனால்; அதில் மெத்தனால் மிகச் சிறிதளவே இருக்கும். மோசமாக வடித்த வெல்லச் சாராயம் நாறும், குடலைக் கெடுக்கும், நாளடைவில் ஈரலை அழிக்கும். ஆனால் ஓர் இரவில் ஒரு தெருவையே சாய்க்கும் அளவு மெத்தனால் அதில் தானாக ஊறுவதில்லை. மரக்காணத்திலும் கள்ளக்குறிச்சியிலும் கொன்றது அடுப்பின் பதக்கேடு அன்று. கரைப்பானாகவும் மூலப்பொருளாகவும் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் மெத்தனாலே சாராயம் என்ற பெயரில் மக்களிடம் விற்கப்பட்டது. 64.7 பாகையில் கொதிக்கும் மெத்தனாலும் 78.3 பாகையில் கொதிக்கும் எத்தனாலும் மணத்தாலும் நிறத்தாலும் எளிதில் வேறுபடா. ஆகவே 'காய்ச்சத் தெரியாதவன்' என்னும் பேச்சு, அந்த நஞ்சு எந்தக் கிடங்கிலிருந்து யார் கைவழியே வந்தது என்ற கேள்வியை மறைத்துவிடுகிறது.

உடலுக்குள் மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது. அம்மாற்றத்தைச் செய்யும் ஈரல் நொதி, எத்தனால் இருக்குமானால் அதையே முதலில் எடுத்துக்கொள்ளும். அதனால் மருத்துவமனைகளில் இந்நஞ்சுக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டுவரும் முறிமருந்துகளில் ஒன்று, மருத்துவர் அளந்து செலுத்தும் தூய எத்தனால். இரத்தச் சுத்திகரிப்புக்கு அது சில மணிநேர அவகாசம் தருகிறது. கண்ணில் மங்கல் தொடங்கியபின்பும் குற்றவழக்குக்கு அஞ்சி வீட்டிலேயே படுத்துவிடுபவருக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை.