தினமும் ஒரு படம்



அட்டுவம்பட்டியில இருக்கிற நமக்கு கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் தெரியும். அதோட வரலாறு பலருக்குத் தெரியாது.

1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்துல லட்சக்கணக்கான பேர் செத்தாங்க. மழை பொய்க்கிறதுக்கும் சூரியனுக்கும் சம்பந்தம் உண்டான்னு அறிய, சூரியனைத் தொடர்ந்து கவனிக்கணும்னு அதன்பிறகு யோசனை வந்தது. 1899-ல் ஆய்வுக்கூடம் இங்கே வந்தது. 1904-லிருந்து வானம் தெளிஞ்ச நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்துச் சேர்த்தாங்க. மேகம் மூடினா அன்னைக்குப் படம் இல்லை. வெயில் வந்ததும் மறுபடி எடுப்பாங்க. நூறு வருஷத்துக்கு மேல இதே வேலை.

சூரியனில் கரும்புள்ளிகள் சுமார் 11 வருஷத்துக்கு ஒருமுறை கூடிக் குறையும். ஒரு நாள் படத்துல அது தெரியாது, வருஷக்கணக்கா வரிசையா வெச்சாத்தான் தெரியும். மேரி எவர்ஷெட் என்ற அம்மா, இங்கே இயக்குநரா இருந்த கணவர் ஜானோடு சேர்ந்து, சூரிய விளிம்பில் எழும் பிழம்புகளின் பல வருஷப் பதிவுகளை ஆராய்ந்து 1917-ல் வெளியிட்டாங்க.

நம்ம பஞ்சசூத்திரமும் இதுதான்: தவறாத கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிக் கட்டுதல், கணக்கு எழுதுதல். மழையால ஒரு கூட்டம் நின்னா அடுத்த வாரம் கூடிடணும். அப்படியே விட்டுட்டா, பிள்ளைக்குக் காய்ச்சல்னு ராத்திரி ஓடி வர்ற சகோதரிக்குக் கொடுக்க நம்ம பெட்டியில காசு இருக்காது.