குடிக்கும் சேலைன்: ஒரு மருத்துவ ஆய்வு மக்கள் வழக்குக்கு வந்து சேர்ந்த வரலாறு

கொல்கத்தாவில் காலராவுக்கு ஏறத்தாழ ஒரே மருத்துவமுறை இருமுறை முன்வைக்கப்பட்டது. முதன்முறை 1953இல், மருத்துவ உலகம் அதைப் படித்துவிட்டுக் கடந்து சென்றது. மறுமுறை 1971இல், அதன்பின் அம்முறை உலகெங்கும் பரவிற்று. அதனால் காக்கப்பட்ட உயிர்கள் 5 கோடிக்கும் மேல் என்று மதிப்பிடுகின்றனர். இரண்டு முறையும் மருந்து உப்பும் குளுக்கோசும் கலந்த நீர்தான். அப்படியானால் இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில் மாறியது என்ன? ஆய்வை மக்களுக்கும் ஆட்சிப் பொறுப்பில் இருப்போருக்கும் எவ்வாறு எடுத்துச் சொல்வது என்று பேசும் நாம் இவ்வினாவை ஒருமுறையேனும் எழுப்பிப் பார்க்க வேண்டும். மொழியியல் மாணவர்க்கு இதில் தனி அக்கறையும் உண்டு. இவ்வரலாற்றின் முக்கியமான திருப்பங்கள் சிலவற்றில் சொற்களுக்கும் பங்கிருந்தது.

முதலில் 1953. கொல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி, கடுமை குறைந்த காலராவுக்கு ஆளான 186 நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழியாகக் கொடுத்துக் குணப்படுத்திய செய்தியை லான்செட் இதழில் வெளியிட்டார். உலகின் முன்னணி மருத்துவ இதழில், அதன் மொழியிலேயே, அதன் நெறிப்படியே வெளிவந்த கட்டுரை அது. ஆயினும் அதனால் எந்த மருத்துவமனையின் நடைமுறையும் மாறவில்லை.

இதற்கு ஐரோப்பிய, அமெரிக்க மருத்துவர்களின் அலட்சியத்தை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. சாட்டர்ஜியின் மருத்துவத்தில் வாந்தியை நிறுத்தும் மருந்தும் இருந்தது. பேதியைக் கட்டுப்படுத்த மூலிகை இலைச்சாறும் இடம்பெற்றது. இவற்றுள் எது நோயாளியைக் காத்தது என்று படிப்பவரால் பிரித்தறிய இயலவில்லை. உடலுக்குள் சென்ற நீரும் வெளியேறிய நீரும் எவ்வளவு என்ற கணக்கும் இல்லை. காலரா கண்ட குடலுக்கு ஓய்வு தரவேண்டும், அதற்குள் எதையும் செலுத்தலாகாது என்பது அக்கால மருத்துவத்தின் பொதுக்கருத்து. அக்கருத்து ஏன் பிழையென்று காட்டும் விளக்கம் அன்று எவரிடமும் இருக்கவில்லை. முடிவு சரியாக இருந்தது. அதைத் தாங்கிப்பிடிக்கும் காரணம் இன்னும் பிறக்கவில்லை.

காரணம் 1960இல் வந்தது. சிறுகுடலில் குளுக்கோசும் சோடியமும் இணைந்தே உறிஞ்சப்படுகின்றன என்ற கருத்தை உயிர்வேதியியலர் ராபர்ட் கிரேன் முன்வைத்தார். சோடியம் உள்ளே செல்லும்போது நீரும் உடன் செல்லும். காலரா நஞ்சு குடலிலிருந்து நீரையும் உப்புகளையும் கொட்டச் செய்கிறதே தவிர, இந்த வாயிலை அடைப்பதில்லை. எனவே வெறும் நீரோ உப்புநீரோ கொடுத்தால் பயனில்லை. குளுக்கோசு சேர்ந்தால் உடல் அதை ஏற்கும். 1968இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் ஆகியோரும் அவர்தம் வங்காளத் தோழர்களும் இதனைக் காலரா நோயாளிகளிடம் அளந்து காட்டினர். சிரைவழியாக ஏற்றவேண்டிய நீரின் தேவை ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்தது. கொல்கத்தாவிலும் இத்தகைய ஆய்வுகள் நடந்தன.

இப்போது முடிவும் இருந்தது, காரணமும் இருந்தது, அளவையும் இருந்தது. அப்படியும் இவ்வறிவு ஆய்வு மருத்துவமனைகளின் சுவரைத் தாண்டவில்லை. பயிற்சி பெற்ற மருத்துவர் அருகிருந்து அளந்து கொடுக்கவேண்டிய ஒன்றாகவே வாய்வழி நீர் கருதப்பட்டது. காலரா அதிகம் கொல்லும் இடங்களில் அத்தகைய மருத்துவர் இல்லை என்பதை எவரும் அறியாதவரல்லர். ஆனால் அவ்விடங்களில் இருப்பவர்க்கு உரிய ஒரு வாக்கியத்தை எவரும் எழுதியிருக்கவில்லை.

1971இல் கிழக்கு வங்காளத்துப் போரிலிருந்து தப்பி ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் வந்தனர். எல்லையோர ஊரான பன்காவில் காலரா பரவியது. கொல்கத்தாவிலிருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் அங்குச் சென்றார். (புள்ளியியல் அறிஞர் பி. சி. மகாலனோபிஸ் வேறு, இவர் வேறு.) இரண்டு அறைகள், 16 படுக்கைகள், தரையெங்கும் நோயாளிகள். சிரைவழி ஏற்றும் நீரின் இருப்போ விரைந்து தீர்ந்துகொண்டிருந்தது.

அவர் எடுத்த முடிவை இன்று நாம் மருத்துவ முடிவு என்றே வாசிக்கிறோம். அதை ஒரு மொழிபெயர்ப்பாகவும் வாசிக்கலாம். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் சமையலுப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. இழந்த பொட்டாசியத்தையும் ஈடுசெய்வதே முழுமையான மருத்துவம் என்பதை அவர் அறிவார். கலவை எளிதாகவும் மலிவாகவும் கிடைக்கவேண்டும் என்பதற்காக அதனை விட்டார். கொல்கத்தாவில் ஆய்வு மையத்தின் நூலக அறையொன்றில் ஊழியர்கள் உப்புகளை நிறுத்துப் பாலித்தீன் பைகளில் இட்டு, சுடவைத்த இஸ்திரிப்பெட்டியால் ஒட்டினர். லிட்டருக்கு ஆன செலவு 11 பைசா. முகாமில் அதனைப் பெரிய பீப்பாய்களில் கரைத்துவைத்தனர். தாயும் தமையனும் குவளையில் பிடித்துவந்து நோயாளிக்குப் புகட்டினர். மருத்துவர் செய்துவந்த பணி உறவினர் கைக்கு மாறியது.

ஆனால் மக்கள் தயங்கினர். ஊசிவழியாக ஏற்றும் நீரே உயிர் காக்கும் என்பதை அவர்கள் கண்கூடாகக் கண்டிருந்தனர். குவளையில் தரும் உப்புநீர் ஏழைகளுக்கு வழங்கும் இரண்டாந்தர மருந்தாகத் தோன்றியதில் வியப்பில்லை. அந்த ஏற்றும் நீருக்கு வங்காளப் பேச்சுவழக்கில் ‘சேலைன்’ என்று பெயர். எனவே முகாம் பணியாளர்கள் இக்கரைசலை ‘வாய்வழிச் சேலைன்’ என்று சொல்லிக் கொடுத்தனர். அப்பெயர் பொய்யன்று, இதுவும் உப்புநீரே. மக்கள் ஏற்கெனவே நம்பிய ஒரு சொல்லின் மதிப்பைப் புதிய பொருளுக்கு அது கடனாகப் பெற்றுத் தந்தது. இன்றும் வங்கதேசத்தில் இம்மருந்துக்கு வழங்கும் பெயர் ‘காபார் சேலைன்’, அதாவது உட்கொள்ளும் சேலைன். கலைச்சொல்லாக்கக் குழு எதுவும் கூடி அமைத்த சொல்லன்று அது.

கரைசலைத் தயாரிக்கும் முறையைத் துண்டறிக்கைகளாக அச்சிட்டு எல்லையெங்கும் வழங்கினர். வங்கதேச விடுதலைப் போராளிகளின் மறைவு வானொலியும் அதனை ஒலிபரப்பியது. சிரைவழி மருத்துவத்தை மட்டும் நம்பியிருந்த நிலையில் சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு, மகாலனாபிஸ் குழுவினர் கவனித்த 3,000க்கும் மேற்பட்டோரிடையே 3.6 விழுக்காடாக இறங்கியது.

அடுத்து ஆட்சியாளர், நிர்வாகிகள். மகாலனாபிசின் கட்டுரை 1973இல் வெளிவந்தது. ஒப்பீட்டுக் குழு வைத்து நடத்திய சோதனை அன்று அது. சாகும் நிலையில் இருப்போரிடம் மருந்தைக் கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்க்க எவர் துணிவார்? எனவே ஐயங்கள் எழுந்தன. அவற்றைக் கடக்க உதவியவருள் முக்கியமானவர் உலக சுகாதார நிறுவனத்தில் பாக்டீரிய நோய்ப்பிரிவின் தலைவராயிருந்த தீமான் பரூவா. அவர் முகாமுக்கு நேரில் வந்து கண்டவர். ஜெனீவாவுக்குத் திரும்பியபின் தம் நிறுவனத்திலும் யுனிசெஃபிலும் இம்முறைக்காகத் தொடர்ந்து வாதாடினார். உலக சுகாதார நிறுவனம் வயிற்றுப்போக்குக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது 1978இல். அதே ஆண்டு லான்செட் தலையங்கம், இக்கண்டுபிடிப்பு இந்நூற்றாண்டின் தலையாய மருத்துவ முன்னேற்றமாக அமையக்கூடும் என்ற கருத்தைத் தெரிவித்தது. 25 ஆண்டுகளுக்கு முன் சாட்டர்ஜியின் கட்டுரையை வெளியிட்ட இதழும் அதுவே.

நிர்வாகியின் மேசைக்குச் சென்ற செய்தியில் இருந்தவை செலவு, இறப்பு விகிதம், பயிற்சியில்லாதவரும் கொடுக்க முடியும் என்ற சான்று ஆகியவை. நோயாளியின் தாய்க்குச் சென்ற செய்தியில் இருந்தவை ஒரு பெயரும் ஒரு குவளையும். உடலியல் ஆய்வாளருக்கோ குளுக்கோசும் சோடியமும் இணைந்து செல்லும் வழி. ஒரே உண்மையை மூவர்க்கும் மூன்று வகையாகச் சொல்லவேண்டியிருந்தது. முதல் இருவர்க்கும் சொன்னவை மூன்றாவதன் நீர்த்த வடிவங்கள் அல்ல; ஒவ்வொன்றும் கேட்பவர் அடுத்துச் செய்யவேண்டிய செயலைக் கருதி அமைந்தது.

பொட்டலம் எட்டாத வீடுகளுக்கு என்ன செய்வது என்ற வினாவுக்கு விடை, எல்லைக்கு அப்பால், அதே மொழி பேசும் வங்கதேசத்தில் உருவாயிற்று. ஃபசலே ஹசன் அபேத் நிறுவிய பிராக் என்னும் தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை பெண் பணியாளர்களை வீடு வீடாக அனுப்பிச் சுமார் 1 கோடியே 20 லட்சம் வீடுகளில் கரைசல் செய்யக் கற்பித்தது. கிராம் அங்கில்லை. மூன்று விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் நீர். தாயே தம் கையால் கலந்து காட்டவேண்டும். நினைவில் கொள்ளவேண்டிய செய்திகள் பத்து.

இத்திட்டத்தின் உயிர்நாடி வேறோரிடத்தில் இருந்தது. சில வாரங்கள் கழித்து, கற்பிக்காத வேறொருவர் சில வீடுகளுக்குச் சென்று, தாய்க்கு எத்தனை செய்திகள் நினைவிருக்கின்றன என்று கேட்பார். அவர் கலந்த கரைசலை ஆய்வுக்கு எடுத்துச் செல்வார். கற்பித்த பணியாளரின் ஊதியம் அதைப் பொறுத்தே அமைந்தது. எத்தனை வீடுகளுக்குச் சொன்னோம் என்பது கணக்கன்று. எத்தனை வீடுகளில் சரியாகச் சென்று சேர்ந்தது என்பதே கணக்கு. கற்றுக்கொண்டும் தாய்மார் பயன்படுத்தாதது தெரியவந்தபோது காரணத்தை ஆராய்ந்தனர். கற்பித்த பணியாளர் பலருக்கே இம்மருந்தில் நம்பிக்கையில்லை என்பது புலப்பட்டது. அவர்களை டாக்கா ஆய்வு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று காட்டினர். ஆண்களை விட்டுவிட்டுப் பெண்களிடம் மட்டும் பேசியதும் ஒரு தடையெனக் கண்டு, கடைத்தெருவிலும் பள்ளிவாசலிலும் ஆண்களிடமும் பேசத் தொடங்கினர்.

மொழியியலார் கவனிக்கவேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. திட்டத்தின் செய்தி, ‘டாயரியா’ வந்தால் இக்கரைசலைக் கொடுங்கள் என்பது. மருத்துவருக்கு டாயரியா என்பது எல்லா வயிற்றுப்போக்கும். ஊர்மக்கள் வழக்கிலோ அது நால்வகை நோய்களுள் ஒன்று. பால்குடிக் குழந்தைக்கு வருவது ‘துத் ஹாகா’. செரியாமையால் வருவது ‘அஜீர்ண’. சளிபோல் போவது ‘ஆமாஷா’. காலரா போன்று நீராகக் கொட்டுவதே ‘டாயரியா’. ஆகவே தாய்மார் அந்நான்காம் வகைக்கு மட்டும் கரைசலை மிகுதியாகக் கொடுத்தனர். ஏனையவற்றுக்குக் குறைவாகவே கொடுத்தனர். அவர்கள் செய்தியை மறக்கவுமில்லை, மீறவுமில்லை. சொன்ன சொல்லைச் சொன்னபடியே பின்பற்றினர். ஒரே ஒலிவடிவுள்ள சொல் இரு வழக்குகளில் இரு பொருட்பரப்பைக் கொண்டிருந்தது. இதனைக் கண்டறிந்தது மருத்துவ ஆய்வுக்கூடம் அன்று. மக்களிடம் சென்று நோய்ப்பெயர்களைக் கேட்டுத் தொகுத்த கள ஆய்வு.

தமிழுக்கும் இது பொருந்தும். கொல்கத்தாவில் வெற்றிபெற்ற ‘சேலைன்’ தமிழகத்தில் அதே வேலையைச் செய்யாது. நம் மக்கள் ‘குளுக்கோஸ் ஏற்றினார்கள்’ என்பர், ‘டிரிப்ஸ் போட்டார்கள்’ என்பர். நம் பாடநூலில் உள்ள ‘உப்புச் சர்க்கரைக் கரைசல்’ பொருளைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் மருந்து என்னும் மதிப்பை அது தருகிறதா? நோய்ப்பெயர்களிலும் வங்காளத்துக்கு நிகரான பகுப்பு நம்மிடம் உண்டு. வாந்திபேதி வேறு, சீதபேதி வேறு, குழந்தைக்கு வரும் மாந்தம் வேறு. ‘பேதிக்குக் கொடுப்பது’ என்பதோ வயிற்றைத் தூய்மைப்படுத்த நாமே வருவித்துக்கொள்வது. அது நோயே அன்று. இத்தனை வேறுபாடுகளின் மீதும் ‘வயிற்றுப்போக்கு’ என்ற ஒரு சொல்லைப் பரப்பி வைத்தால், கேட்பவர் அதனை எங்கே பொருத்திக்கொள்வார் என்பது நாம் முன்கூட்டி அறியவேண்டிய செய்தி.

ஆய்வை மக்களிடம் கொண்டுசெல்வது என்றால், முடிந்த ஆய்வை எளிய நடையில் திரும்ப எழுதுவது என்றே பெரும்பாலும் கருதுகிறோம். ஆய்வேட்டை ஒப்படைத்தபின் நேரமிருந்தால் செய்யும் வேலை அது. இவ்வரலாற்றில் வெற்றிபெற்றோர் அவ்வாறு கருதவில்லை. மருந்தைச் சோதித்ததுபோலவே செய்தியையும் சோதித்தனர். பொட்டாசியத்தை விட்டது, கிராமைச் சிட்டிகையாக்கியது ஆகிய ஒவ்வொன்றிலும் எதை இழக்கிறோம் என்று அறிந்தே இழந்தனர், விளைவை அளந்தனர், தவறிய இடத்தில் கேட்டவரைக் குறைசொல்லாமல் சொன்ன முறையை ஆராய்ந்தனர். மொழியியல், மானிடவியல் மாணவர்க்கு அங்கே இடமிருப்பது மொழிபெயர்ப்பாளராக அன்று, ஆய்வாளராக.

திலீப் மகாலனாபிஸ் 2022 அக்டோபரில், தம் 87ஆம் வயதில், கொல்கத்தாவில் காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. ஹேமேந்திரநாத் சாட்டர்ஜியின் பெயர் மருத்துவ வரலாற்றைத் தேடிப் படிப்போர்க்கு மட்டுமே தெரியும். இருவரையும் சேர்த்தே நம் வகுப்புகளில் கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து.

இதனை வாசிக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வட்டாரத்தில் வயிற்றுப்போக்கின் வகைகளுக்கு வழங்கும் பெயர்களையும், எந்த வகைக்கு மருத்துவரிடம் செல்வர், எதற்குச் செல்லார் என்பதையும் கீழே எழுதுங்கள். உங்கள் பாட்டியர் சொல்லக் கேட்ட சொற்களாயின் மேலும் நன்று. எந்த மாவட்டம் என்பதையும் குறிப்பிடுங்கள்.