பரங்கிமலைக் கணக்கும் கையடக்கக் கருவியும்

தோட்டத்தில் வாழ்ந்த நமக்கு எல்லைக்கல் புதிதன்று. அதை நட்ட நில அளவைத் துறையினர் வரைந்த மலாயாப் படங்களின் வேர் தமிழகத்திலே இருக்கிறது என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும்.

1802ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி சென்னைப் பரங்கிமலை அருகே நூறடி எஃகுச் சங்கிலியைக் கொண்டு நிலத்தை அளக்கத் தொடங்கினார். சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே நேர்க்கோட்டை அளந்து முடிக்க 57 நாட்கள் பிடித்தன. வெயிலில் இரும்பு நீளுமல்லவா? அதற்கும் கணக்கு வைத்தார். அக்கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக அளவை வடக்கே வளர்ந்தது. அதைக் கொண்டு ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் பூமியின் வடிவத்தைக் கணக்கிட்டார். (சிகரத்துக்கு வைத்தது இவர் பெயரைத்தான்.) பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது; எவ்வளவு தட்டை என்பதே அவர் கணக்கு. சிறு மாற்றத்தோடு அதுவே மலாயாப் படங்களுக்கும் அடிப்படையாயிற்று.

இன்றைய கையடக்கத் துணைக்கோள் வழிகாட்டிக் கருவி வேறொரு பூமிக் கணக்கை வைத்திருக்கிறது. பழைய படத்தைத் திருத்தாமல் அதில் ஏற்றினால், நாம் நிற்கும் இடம் நூறு மீட்டருக்கும் மேல் விலகிவிடும். லயத்து வாசலில் நிற்பவர் பால்மரக் காட்டுக்குள் நிற்பதாகக் காட்டும்!

2000ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் அமெரிக்கா, துணைக்கோள் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நீக்கியது. சாதாரணக் கருவியும் நம்பகமாயிற்று. ஆனால் அதில் ஏற்ற நம் நாட்டுப் படம் எங்கே? அரசாங்கத்தின் நில உருவப் படங்கள் பாதுகாப்புக் கருதிக் கட்டுப்பாட்டில் இருந்தன. எனவே மலேசிய, சிங்கப்பூர் ஆர்வலர்கள் சேர்ந்து ‘மால்சிங்மேப்ஸ்’ என்ற பெயரில் கார்மின் கருவிகளுக்குத் தாங்களே படம் செய்தார்கள். சாலையிலும் காட்டுப் பாதையிலும் சென்று தடம் பதிப்பது, பல தடங்களை ஒப்பிடுவது, பெயர் சேர்ப்பது என்று பொறுமையான வேலை அது.

இவ்வாறு தாமே படம் செய்வோர்க்கு மேடுபள்ளம் காட்டும் சம உயரக் கோடுகளுக்கு, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரால் எடுத்த அளவுகள் உதவின. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ரேடார் பல இடங்களில் தரையை அல்ல, மரத்தலையைத்தான் கண்டது. செம்பனை அடர்ந்த மேடு படத்தில் சற்று உயர்ந்துவிடும்.

உயரம் சற்றுப் பிசகினால் போகட்டும். பெயர் போனால்? பிரிக்பீல்ட்ஸில் செங்கல் சூளை இல்லை, பெயராவது நிற்கிறது. சீபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயா ஆயிற்று. எபிங்காம் தோட்டம் இருந்த இடம் பந்தார் உத்தாமா. அப்பெயர்களை இன்று சுமப்பவை சீபீல்ட், எபிங்காம் தமிழ்ப்பள்ளிகள். கிள்ளான் வட்டாரத்தில் வீடமைப்பாக மாறிய தோட்டங்களுக்கும் இதே நிலைதான்.

படத்தின்மேல் புள்ளியும் பெயரும் சேர்க்கக் கருவியே வழி தருகிறது. கோவில், பள்ளி, லயம், ஆலை இவற்றோடு சுடுகாட்டையும் குறிக்க வேண்டும்; பெரும்பாலும் அதைத்தான் மறந்துவிடுகிறார்கள். எந்தப் பூமிக் கணக்கில் எடுத்தோம் என்பதையும் பக்கத்தில் எழுதி வைப்போம். இல்லாவிட்டால் நம் பேரப்பிள்ளைகள் நூறு மீட்டர் தள்ளி நின்று தேடுவார்கள்.