எழுத்து வெட்டிய பொருள்கள்



யாழ்ப்பாணத்துத் தீவகத்தில், கரம்பொன் என்னும் ஊரில், அரசினர் பாடசாலை ஒன்றின் அதிபராக நான் பணியாற்றுகின்றேன். எம் பாடசாலையிற் கற்று இப்பொழுது கனடாவில் வாழும் பழைய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு சிறிய இயந்திரம் ஒன்றை எமக்கு அனுப்பிவைத்தார். மேசைமேல் அடங்கும் அளவினது அது. கணினியில் வரைந்த உருவத்தை, விரைந்து சுழலும் சிறு அலகு ஒன்றினால் பலகையிலோ தகட்டிலோ வெட்டித் தரும். சி.என்.சி. ரவுட்டர் என்று கடைக்காரர் கூறுவர். எம் மாணாக்கர் அதற்குச் 'செதுக்கி' என்று பெயர் சூட்டிவிட்டனர். நானும் அப்பெயரையே வழங்குகின்றேன்.

இயந்திரம் வந்த சில நாட்களிலேயே ஒரு வேலையும் அதற்குக் கிடைத்தது. எமது மண்டபத்தில் முன்னாள் அதிபர்களின் பெயர்கள் எழுதிய பலகை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. 1990ஆம் ஆண்டில் ஊரவர் இடம்பெயர்ந்தபோது அது அங்கேயே விடப்பட்டது. மீண்டு வந்தபோது காணப்படவில்லை. அப்பெயர்களைத் திரும்ப வெட்டி வைப்பது என்று முடிவாயிற்று. எந்தப் பொருளில் வெட்டுவது என்பதில் மட்டும் எவரும் ஒருமைப்படவில்லை. ஒருவர் பித்தளை என்றார். ஒருவர் கருங்கல் என்றார். மாணாக்கருக்கோ நிறம் நிறமான அக்கிரிலிக் தகட்டின்மேல் ஆசை. இந்த வழக்கு இப்பொழுது தோன்றியதன்று. தமிழ் எழுத்தை எதில் வெட்டுவது என்னும் வினாவுக்கு எம் முன்னோர் காலந்தோறும் வெவ்வேறு விடை கண்டனர். அவ்விடைகளுட் சில எம் தீவகத்திலேயே கிடக்கின்றன.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலுக்குச் செல்வோருட் பலர் அங்குள்ள கல்வெட்டை நின்று நோக்குவதில்லை. பொலநறுவையிலிருந்து 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் ஆணை அது, தமிழில் வெட்டப்பட்டது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து தங்கவேண்டும் என்றும், அவர்களுக்குக் காவல் அளிக்கப்படும் என்றும் அது கூறுகின்றது. ஊராத்துறை என்பது எம் ஊருக்கு அயலிலுள்ள ஊர்காவற்றுறையே. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரசன் பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய கலமாயின் இருவருக்கும் சரிபாதி. குதிரைப்படையும் யானைப்படையும் வேண்டிய அரசன், அவற்றைக் கொணர்வோருக்கு மிகுந்த சலுகை காட்டியிருக்கின்றான்.

எம் விவாதத்துக்கு அக்கல்வெட்டின் இறுதிப் பகுதியே உதவியது. இவ்விதிகள் கல்லிலும் செம்பிலும் வெட்டப்பட்டன என்று அது தானே சொல்கின்றது. ஒரே ஆணை, இரு பொருளில்! மன்னனின் எழுத்தர்கள் செம்பையே உயர்ந்ததாகக் கருதியிருக்கலாம். செம்பு நுண்ணிய எழுத்தையும் ஏற்கும், கையில் எடுத்துச் செல்லலாம், கரையான் தீண்டாது. ஆயினும் நாம் இன்று படிப்பது கல்லையே. செம்புக்கு உள்ள குறை, அது விலையுள்ள பொருள் என்பதுதான். உருக்கினால் குடமாகும், காசாகும். கல்வெட்டை எடுத்துப் படிக்கல் ஆக்கலாம். அப்பொழுதும் எழுத்து ஒரு பக்கத்தில் இருந்துகொண்டிருக்கும். இதனை நான் கூறியதும், பித்தளை என்று வாதாடிய நண்பர், எம் பாடசாலையின் பழைய வெண்கல மணி போன வழியை நினைந்து மௌனமானார்.

கல் என்றால் எந்தக் கல் என்ற வினா உடனே எழும். தீவகத்துக்கு உரியது முருகைக்கல். அதனால் ஒல்லாந்தர் கோட்டை கட்டினர். நெடுந்தீவிலே வேலிகூட அக்கல்லை அடுக்கியே அமைத்தனர். ஆனால் அது கடலுயிர்கள் கட்டிய கூடு. உடல் முழுவதும் துளை. சுவருக்கு உகந்தது, எழுத்துக்கு உதவாது. ஒரு புள்ளிக்கும் ஒரு துளைக்கும் வேற்றுமை தெரியாமற் போகும். இன்று கடலில் முருகைக்கல் எடுப்பதும் சட்டப்படி தடுக்கப்பட்டது. கருங்கல் யாழ்ப்பாணத்து மண்ணில் விளைவதில்லை, வெளியிலிருந்து வரவேண்டும். எம் சிறு செதுக்கிக்கு அதனை வெட்டும் வலியும் இல்லை.

கல் அரசர்க்கு உரியதாயிருந்தது. குடிமக்களின் எழுத்து ஓலையில் வளர்ந்தது. பனையின் இளவோலையை வார்ந்து உலர்த்தி, நீரில் அவித்து, மீண்டும் உலர்த்தி, மழமழப்பாகத் தேய்த்து, அளவாக நறுக்கி, துளையிட்டுக் கயிறு கோத்தால் ஏடு ஆயிற்று. எழுத்தாணியால் எழுதுவது என்கிறோம். உண்மையில் அது கீறுவது. கீறியபின் கரி தடவித் துடைத்தால் கீறலில் மட்டும் கருமை நிற்கும். இதற்கு மையாடல் என்று பெயர். எம் மாணாக்கர் பலகையில் வெட்டிய பள்ளத்தில் நிறம் பூசி, மேற்பரப்பைத் தேய்த்து எடுத்தபோது, புதிய உபாயம் கண்டதாக மகிழ்ந்தனர். பாட்டனாருக்குத் தெரிந்த வித்தை அது.

தமிழெழுத்து வட்டமானது ஓலையினால் என்று பலரும் கூறுவர். ஓலையின் நரம்பு நெடுக ஓடுவது. அதன் வழியே நேர்கோடு இழுத்தால் ஏடு கிழியும். ஆகவே எழுத்து வளைந்தது என்பது அவர்தம் கருத்து. இதனை முற்றாக ஏற்பதற்கு எனக்குத் தயக்கமுண்டு. 'ட'வும் 'ப'வும் இன்றளவும் நெடுக்குக் கோடும் கிடைக்கோடுமாகவே நிற்கின்றன. அவற்றை எழுதி ஏடு கிழிந்ததில்லை. ஓலை எழுத்தை வளைத்தது என்பதிலும், கை விரைந்து ஓடுவதற்கு வளைவை ஓலை விரும்பியது என்பது பொருந்தும். புள்ளியை மாத்திரம் ஓலை உண்மையாகவே விழுங்கிற்று. ஏட்டைத் துளைத்துவிடும் என்று அஞ்சிப் புள்ளியிடாது எழுதினர். மெய்யும் உயிர்மெய்யும் அறியாமல், இடம் நோக்கி ஊகித்துப் படிக்கும் துன்பம் பதிப்பாசிரியர்களுக்கு அதனால் வந்தது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், தொட்டவுடன் ஓரம் உதிரும் ஏடுகளோடு பட்ட பாட்டைத் தம் பதிப்புரையில் மனம் நொந்து எழுதியிருக்கின்றார். ஏட்டின் ஆயுள் சில நூறாண்டே. படியெடுக்க ஆளிருக்கும் வரை நூல் வாழும். படியெடுக்கப்படாத ஏடுகளும் இருந்தன. அவற்றுட் சில 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது அதனுடன் போயின.

ஓலைக்குப் பின்னர் அச்சு. கோவாவில் 1577இலும் கொல்லத்தில் 1578இலும் தமிழெழுத்துக்கள் உலோகத்தில் வார்க்கப்பட்டு, அன்றீக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 16 பக்க நூலாக 1578இல் வெளிவந்தது. உலோகம் அச்சுக்கு ஏற்றது என்பது தெளிவாகிவிட்டதன்றோ? நூறாண்டு கழித்து வேறொன்று நிகழ்ந்தது. போர்த்துக்கேயப் பாதிரியார் அந்தாம் தெ புரோவென்சா தொகுத்த தமிழ் - போர்த்துக்கேய அகராதி, அவர் இறந்தபின், 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சாயிற்று. அதற்கான தமிழெழுத்துக்கள் மரத்தில் செதுக்கப்பட்டன என்றும், செதுக்கியவர் இஞ்ஞாசி ஆச்சாமணி என்னும் உள்ளூரவர் என்றும் பழைய குறிப்புக் கூறும். வார்க்க வசதியில்லாவிடத்தில் உளியும் மரமும் துணைபுரிந்தன. அகராதி என்பது ஆயிரமாயிரம் சொல். ஒவ்வோர் எழுத்தும் சுட்டுவிரல் நுனியினும் சிறியது. இடம்வலம் மாற்றிச் செதுக்கவேண்டியது. ஆச்சாமணி எந்த மரத்தைத் தேர்ந்தார் என்று எண்ணியெண்ணிப் பார்க்கின்றேன். நார் ஓட்டம் மிக்க மரமாயின் முதல் நெருக்கலிலேயே சுழி உடைந்திருக்கும். நெருங்கிய அணுவுள்ள மரமாகவே இருந்திருத்தல் வேண்டும்.

அந்நூல் மறக்கப்பட்டுக் கிடந்தது. வத்திக்கான் நூலகத்திலிருந்த படியைக் கொண்டு, 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக அதனை வெளிக்கொணர்ந்தவர் தனிநாயகம் அடிகளார். 1913இல் அவர் பிறந்த ஊர் கரம்பொன். இதனை வகுப்பில் நான் கூறியபோது, பெருமையினால் சில முகங்கள் மலர்ந்தன. ஒரு சிறுவன் மட்டும், "சேர், அப்ப மரந்தானே பாவிக்கவேணும்?" என்றான். அவன் எண்ணத்தில் வழக்கு முடிந்துவிட்டது.

தரங்கம்பாடிக் கதையையும் சொல்லாமல் விட மனமில்லை. சீகன்பால்கு பாதிரியாருக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழெழுத்து வார்த்து அனுப்பினர். தமிழைக் கண்டறியாதவர் செய்த எழுத்து, மிகப் பெரிது. 1714இல் புதிய ஏற்பாட்டின் ஒரு பகுதியை அச்சிடுவதற்குள் காகிதம் பற்றாது என்பது தெரிந்தது. சிறிய எழுத்து வார்க்க ஈயம் வேண்டும், எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து பாலாடைக் கட்டி வந்த ஈய உறைகளை உருக்கி வார்த்து, 1715இல் நூலை நிறைவேற்றினர். பொருள் தேடுவோர் முதலில் தம் காலடியைப் பார்க்கவேண்டும் என்பதை இதுபோல் விளக்கும் நிகழ்ச்சி வேறொன்றை நான் அறியேன்.

எமது காலடியில் என்ன இருந்தது?

முதலில் மாணாக்கர் விரும்பியபடி எல்லாவற்றையும் வெட்டிப் பார்க்க விட்டேன். அக்கிரிலிக் தகட்டில் அலகு வேகமாகச் சுழன்று மெதுவாக நகர்ந்தபோது, தகடு வெட்டுப்படாமல் உருகிற்று; உருகியது அலகின் பின்னே மீண்டும் ஒட்டிக்கொண்டது. எம்.டி.எஃப். எனப்படும் நார்த்தூள் பலகை வெண்ணெய்போல் வெட்டுப்பட்டது. நாரோட்டம் இல்லாமையால் எத்திசையிலும் விளிம்பு ஒழுங்காக அமைந்தது. ஆனால் அதன் தூள் நெஞ்சுக்கு ஆகாது. மேலும், உப்புக்காற்றும் மாரியும் உள்ள எம் தீவில் இரண்டு மாரியில் அது ஊறிப் பொருமிவிடும். வேம்பு நல்ல மரம், பூச்சி அணுகாது, விளிம்பும் நிற்கும். வேம்பிலேயே செய்வது என்று ஏறக்குறைய முடிவு செய்திருந்தோம்.

அக்காலத்தில் எம் ஊரில் ஆளில்லாது இடிந்த வீடொன்றைத் துப்புரவு செய்துகொண்டிருந்தனர். வெளிநாட்டிலுள்ள மகனிடமிருந்து சில நாளைக்கு வந்திருந்த ஆச்சி ஒருவர், விழுந்த கூரையின் பனஞ்சிலாகைகளைச் சுட்டி, "தம்பி, மழையில கிடந்து உக்கிறதை விட, பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போங்கோ" என்றார். சிலாகைகளின் வெளிப்புறம் நரைத்திருந்தது. சீவினால் உள்ளே கருங்காலி போன்ற கறுப்பு. அதில் பொன்னிறக் கீற்று.

பனை மரம் அன்று, புல் என்று தொல்காப்பியர் வகுத்தார். வயிரம் வெளியில் இருப்பது புல். உள்ளே இருப்பது மரம் என்பது மரபியலில் அவர் கொண்ட பாகுபாடு. அதனைப் பரீட்சைக்காகப் பல முறை கற்பித்திருக்கின்றேன். கண்ணாற் கண்டது அன்றுதான். சிலாகையின் ஒரு முகத்தில் அலகு கிறீச்சிட்டது. மறுமுகத்தில் சோறுபோல் புதைந்தது. கறுத்த நார்கள் இரும்புக் கம்பிபோல் நெருங்கியிருந்தன. அவற்றின் குறுக்கே வெட்டும்போது நார் பிய்ந்து விளிம்பு சிதறிற்று. இரண்டு அலகு மழுங்கின. ஆழமாக வெட்டினால் வயிரத்தைத் தாண்டி மென்மையான பகுதியில் எழுத்து இறங்கிவிடும். ஆகவே ஆழம் குறைத்து, சிறிது சிறிதாகப் பல முறை வெட்டி, எழுத்தைப் பெரிதாக்கினோம். ஹாலே நகரத்தார் அறியாமற் செய்ததை நாம் அறிந்து செய்தோம். சுழலும் அலகு உள்மூலையைக் கூராக வெட்டாது. சற்று வளைத்தே விடும். ஆங்கில எழுத்துக்கு அது குறையாகத் தோன்றிற்று. 'ண'வுக்கும் 'ஞ'வுக்கும் எவ்விதக் குறையும் தோன்றவில்லை.

இன்னொன்றும் நிகழ்ந்தது. சிலாகை நீளமானது, அகலம் குறைந்தது. அதில் ஒரு வரிக்கு மேல் இடமில்லை. பெயர்களையெல்லாம் ஒரே பலகையில் அடுக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, ஒரு பெயருக்கு ஒரு சிலாகைத்துண்டு என்று வெட்டி, இரு முனையிலும் துளையிட்டுக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டோம். தொங்கவிட்டபின் பார்த்தால் அது ஓர் ஏட்டுச்சுவடி! எவரும் அவ்வாறு திட்டமிடவில்லை. சென்ற விஜயதசமியன்று ஏடு தொடக்க வந்த குழந்தைகளுட் சிலர், அரிச்சுவடி என்று எண்ணி அதனைத் தொட்டுப் பார்த்தனர்.

ஒரு செய்தி மட்டும் எஞ்சியுள்ளது. இடம்பெயர்ந்த காலத்தில் எம் பாடசாலை வேறிடங்களில், பிற பாடசாலைகளின் மாலை நேரத்தில் இயங்கியது. அவ்வாண்டுகளிற் பொறுப்பேற்றிருந்தவர் இருவர் என்பது மூத்தோர் கூற்று. பதிவேடுகள் இல்லை. அவர்தம் பெயரை ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் கூறுகின்றனர். ஐயத்துக்குரிய பெயரை வயிரத்தில் வெட்ட எனக்கு மனம் வரவில்லை. காகிதத்தில் எழுதிய பிழையைப் போல் அதனைத் திருத்துவதற்கில்லை. ஆகவே அவ்விரு துண்டுகளையும் சீவி, எண்ணெய் பூசி, எழுத்தின்றி உரிய இடத்தில் கோத்து வைத்திருக்கின்றோம். அக்காலத்தில் கரம்பொன் பிள்ளைகளுடன் படித்தவரோ அவர்களுக்குக் கற்பித்தவரோ இப்பேச்சைக் கேட்க நேர்ந்தால், அப்பெயர்களைப் பாடசாலைக்கு எழுதி அறிவிக்குமாறு வேண்டுகின்றேன். அலகு இரண்டு புதிதாக வாங்கி வைத்திருக்கின்றோம்.